ஆமை வளர்க்க லைசென்ஸ் கேட்டு வந்தவர்

முதல் நாள், முதல் மனு

மைசூர் வனவிலங்குப் பிரிவில் நான் ஃபாரஸ்டராகச் சேர்ந்த அன்றைக்கே அந்த அம்மாள் வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். அதற்கு முன் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் மலையில் வேலை பார்த்தேன். அந்த வருடங்களில் சந்தனமரக் கடத்தல்காரர்களால் எங்கள் மலையில் காக்கிச் சட்டை போட்டவன் உயிரோடு வீடு திரும்புவானா என்பதே நிச்சயமில்லை. என் மனைவி அழுது, மாமனார் யார் யாரையோ பார்த்து, எனக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தார்கள். நிலமும் மாடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இருந்ததால் குடும்பம் அங்கேயே, ஹனூரை அடுத்த ராமாபுரத்தில் தங்கிவிட்டது. நான் மட்டும் ஒரு பெட்டியோடு மைசூர் வந்து, ஆபீசுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் இறங்கினேன்.

டவுன் ஆபீசுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மரம் வெட்ட அனுமதி கேட்பவர்கள், அல்லது வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று மூச்சிரைக்க ஓடி வருபவர்கள். இந்த அம்மாள் நிதானமாக வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை. தபால் வாங்கும் கிளார்க்கிடம் டைப் அடித்த மனுவைக் கொடுத்து, கன்னடத்தில் அக்னாலெட்ஜ்மென்ட் சீல் கேட்டார். கிளார்க் மனுவின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு சீல் குத்தி, என் மேஜைப் பக்கம் கையைக் காட்டினார்.

நான் மனுவைப் படித்தேன். தம் வீட்டில் நட்சத்திர ஆமைகள் இருப்பதாகவும், பல வருடங்களாக அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வருவதாகவும், புதிய சட்டப்படி அதற்கு லைசென்ஸ் தர வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பெயர் வசந்தா. ரயில்வே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவர்.

வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டுச் சில காலம்தான் ஆகியிருந்தது. அதன்படி நம் நாட்டு ஆமையைக் காட்டிலிருந்து எடுப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வீட்டில் இனப்பெருக்கம் செய்ய லைசென்ஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது.

கன்னடத்தில்தான் பேச ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்திலேயே அவர் முகம் மாறியது.

"நீங்க தமிழா?"

"ஆமாங்க. ராமாபுரம்."

"அதான் பேச்சுல தெரியுது. சொல்லுங்க, மனுவுல ஏதாவது தப்பா எழுதிட்டேனா? பேப்பர்ல படிச்சேன், சட்டம் மாத்திட்டாங்கன்னு. ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டின காலத்துல ஒரு வருஷம்கூடத் தவறாம கட்டின வீடு எங்க வீடு. நாய்க்கும் கார்ப்பரேஷன்ல பில்லை வாங்கியிருக்கோம். இது மட்டும் சும்மா இருக்கே, நாளைக்கு யாராவது வந்து கேட்டா நல்லாவா இருக்கும்?"

"மேடம், இதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுறீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஏன்?"

கிளார்க்கின் சீல் மனுவில் ஈரம் காயாமல் இருந்தது. இன்வர்ட் நம்பரும் போட்டாகிவிட்டது. இனி அதை எடுத்துக்கொண்டு போக அவராலும் முடியாது, கொடுக்க என்னாலும் முடியாது. "விசாரிச்சுச் சொல்றனுங்க" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

யாதவகிரி வீடு

இரண்டாவது வாரம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்னை அனுப்பினார்கள். யாதவகிரியில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், அவருடைய அப்பா கட்டிய ஓட்டு வீடு. அப்பா ரயில்வே கார்டாக இருந்தவர், காலமாகிவிட்டார். அண்ணன் பம்பாயில். இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த விவரங்களை எல்லாம் நான் கேட்காமலே வாசலில் இருந்து பின்கட்டு போவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். பேச ஆள் கிடைக்காதவர்கள் அப்படித்தான் வேகமாகப் பேசுவார்கள். எனக்கு அது அப்போதே தெரியும்.

பின்பக்கம் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர் கட்டிய தோட்டம். சப்பாத்திக்கள்ளி, செம்பருத்தி, முருங்கை. உடைந்த பானைகளைக் கவிழ்த்து நிழல் செய்திருந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காய்ந்த புல்லுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள், ஒவ்வொரு மேட்டிலும் ஒரு நட்சத்திரம். பெரியதும் சிறியதுமாக முப்பதுக்குக் குறையாது. குஞ்சுகள் தனித் தொட்டியில், எலுமிச்சம்பழம் அளவுக்கு.

"மொதல்ல வந்தது இவன்தான்" என்று ஒரு ஆண் ஆமையைக் காட்டினார். அதன் ஓட்டில் பழைய விரிசல் ஒன்று ஆறித் தழும்பாக இருந்தது. "சாம்ராஜநகர் லைன்ல ஒரு சின்ன ஸ்டேஷன்ல மாட்டு வண்டிச் சக்கரம் ஏறிடுச்சு. அப்பா லஞ்ச் டப்பா பையில வெச்சு எடுத்துட்டு வந்தார். பிழைக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் லேப்ல இருந்து மருந்து கொண்டுவந்து போட்டேன். பேரு ஸ்டேஷன் மாஸ்டர். மத்ததுக்கெல்லாம் பேர் வெக்கல. அப்புறம் லைன்ல இருந்த அப்பா சிநேகிதங்க ரெண்டு மூணு கொண்டுவந்து கொடுத்தாங்க. மீதி எல்லாம் இங்கியே பொறந்தது. நான் எங்கியும் போய்ப் பிடிக்கல, நோடி, பாத்துக்குங்க."

"யாருக்காவது வித்திருக்கீங்களா மேடம்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெங்களூர்ல இருந்து ஒருத்தன் வந்தான். பெட்டி பெட்டியா ஃபாரின் போகுதாம், எவ்வளவு வேணும்னு கேட்டான். கேட்டை அவன் மூஞ்சிக்கு நேரா சாத்தினேன். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே."

நான் பார்த்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். விற்பனை இல்லை, விலங்குகள் ஆரோக்கியமாக உள்ளன, மனுதாரர் தாமாகவே தெரிவித்தார் என்பதையும் எழுதினேன்.

எங்கள் பிரிவின் தலைமை அதிகாரியான டி.சி.எஃப். அதைப் படித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் தார்வாட்காரர். என்னோடு கன்னடத்தில்தான் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மாதேஷ், இந்தம்மா நல்லவங்கதான், எனக்குப் புரியுது. ஆனா இவங்களுக்கு நான் ஒரு காகிதம் கொடுத்தேன்னா என்ன ஆகும்? நாளைக்குக் கோலார்ல இருந்து சாக்குல ஆமை பிடிச்சுட்டு வர்றவனும் இது வீட்ல பொறந்ததுன்னு சொல்வான். வீட்ல பொறந்ததையும் காட்ல பிடிச்சதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா உன்னால பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"என்னாலயும் முடியாது. கேஸ் போடு."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாக்குமூட்டையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஆமைகள் அடைத்திருந்ததை நானே ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பிரித்திருக்கிறேன். பாதி செத்திருந்தன. ஆனாலும் கேஸ் பேப்பரைக் கையில் எடுப்பதைச் சாயங்காலம் வரை தள்ளிப்போட்டேன்.

மகஜர்

பறிமுதல் செய்யும்போது சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்கும் ஆவணத்துக்கு மகஜர் என்று பெயர். ரேஞ்ச் ஆபீசர், நான், ஒரு ஃபாரஸ்ட் கார்டு, பக்கத்துத் தெருவில் இருந்து இரண்டு சாட்சிகள். எதிர்வீட்டு மாடியில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். வசந்தா மேடம் வெளியூருக்குக் கிளம்புகிறவர் மாதிரி நல்ல புடவை உடுத்தி, தலை வாரி, வாசலில் நின்றார்.

"லைசென்ஸ் கேட்டதுக்கு இதுவா பதில்?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். ரேஞ்ச் ஆபீசர் சட்டத்தை எடுத்துச் சொன்னார். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "சரி. சட்டம் அப்படின்னா அப்படி" என்றார்.

பறிமுதல் செய்து எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். மிருகக்காட்சிசாலையில் இடமில்லை, நோய் பரவும் பயம் வேறு. ஆகவே கோர்ட்டில் கேஸ் முடியும் வரை பாண்டு, அதாவது உறுதிப்பத்திரம், எழுதி வாங்கிக்கொண்டு அவரிடமே ஒப்படைக்க முடிவானது. ஆமைகள் இனி அரசாங்கத்தின் பொறுப்பில் இருப்பவை. கேட்கும்போது காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்க வேண்டும், இனப்பெருக்கம் கூடாது.

எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "அப்போ இதெல்லாம் என்னுது இல்ல, ஆனா நான்தான் பாத்துக்கணும். ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரி" என்றார். கார்டு சிரித்துவிட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தோட்டத்தின் நடுவே அன்றே ஒரு செங்கல் வரிசை எழுந்தது. ஆணுக்கு வயிற்றுப் பக்கத்து ஓடு குழிந்திருக்கும், பெண்ணுக்குத் தட்டை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து அவரே பிரித்துக் கொடுத்தார்.

மாதா மாதம்

ஆமைகளைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாதம் ஒருமுறை போனால் போதும். நான் சில மாதங்களில் இரண்டு முறையும் போனேன்.

அங்கே ஒரு சத்தம் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் காலையில் வெயில் ஏறியதும் நடுச்சுவருக்கு வந்து, ஓட்டை அதில் மோதும். டொக். கொஞ்சம் பின்வாங்கி மறுபடி டொக். மத்தியானம் வரை அதுவேதான். அந்தப் பக்கம் பெண் ஆமைகள் எதுவும் நடக்காதது போல இலை தின்றுகொண்டிருக்கும்.

"முதல்ல பகல் சத்தம் ராத்திரி பூரா காதுலயே கேட்டுட்டு இருந்துது" என்றார் மேடம். "இப்போ அந்த சத்தம் வரலேன்னாதான் எழுந்து போய்ப் பாக்கறேன்."

எண்ணி முடித்ததும் படிக்கட்டில் உட்காருவோம். அவர் பேசுவார், நானும் பேசுவேன். ராமாபுரத்தில் மழை பெய்ததா, சின்னவனுக்கு அம்மை இறங்கியதா என்று என்னைக் கேட்க மைசூரில் வேறு யாருமில்லை. ஆபீசில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஐந்தரை மணிக்கு அவரவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தால், காலையில் கழற்றிப் போட்ட லுங்கி போட்ட இடத்திலேயே கிடக்கும்.

மகஜருக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் அவரோடு பேச்சுக் குறைந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. ஜீப் வந்து நின்ற வீடு என்று ஆகிவிட்டது. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. "வராட்டி போகட்டும், பிடி" என்றார். கன்னடத்தில் அதற்கு 'விடு' என்று அர்த்தம். கொலுவுக்குச் செய்த சுண்டல் ஒரு பெரிய தூக்கு நிறைய அப்படியே இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் எதையும் சாப்பிடக் கூடாது என்பது எங்களுக்கு விதி. சொன்னேன். "அய்யோ, அதுக்கும் சட்டமா?" என்று சிரித்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

முட்டை

பிரித்து வைத்துப் பல மாதங்கள் ஆன பிறகு ஒருநாள் ஆபீசுக்குப் போன் வந்தது. மேடம்தான் பேசினார்.

"மாதேஷ், பெரிய பொண்ணு குழி தோண்டிட்டா. முட்டை வெச்சுட்டா. நான் சேத்து வெக்கல தம்பி, சத்தியமா வெக்கல. நீங்கதான் பாத்தீங்களே சுவரை."

"பதறாதீங்க மேடம். வர்றனுங்க."

பெண் ஆமை ஒருமுறை சேர்ந்தால் நெடுநாள் வரை உள்ளே கரு பிடிக்கும் சக்தியை வைத்திருக்கும், ஆண் பக்கத்தில் இல்லாமலே பிறகும் முட்டையிடும் என்று வெட்டர்னரி டாக்டர் விளக்கினார். அதையும் எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டு ஃபைல் போட்டேன்.

ரேஞ்ச் ஆபீசர் ஃபைலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சாதாரணமாகவே கடுகடுப்பான மனிதர். "ஏன்யா இதை எழுத்துல கேக்கறே? முட்டையைப் பொரிக்க விட்டா பாண்டு மீறல். உடைச்சா, சட்டப்படி அது வேட்டை. ஆமை முட்டையை அழிக்கறதும் வேட்டைதான். யாரு பதில் எழுதுவாங்க இதுக்கு?"

"அதனாலதான் சார் கேட்டேன். அந்தம்மா தானா எதையாவது செஞ்சா, ரெண்டுல எது செஞ்சாலும் அவங்க மேல இன்னொரு கேஸ் வரும்."

ஃபைல் டி.சி.எஃப். வரை போனது. அவர் படித்துவிட்டுச் சிரித்ததாக பியூன் சொன்னான். சிரித்துவிட்டு அதிலேயே உத்தரவு எழுதினார்: முட்டைகளை அலுவலகக் காவலுக்கு எடுத்துக்கொள்ளவும், பொறுப்பு ஃபாரஸ்டர். அலுவலகக் காவல் என்றால் ஆபீஸ் ஸ்டோரில் மண்வெட்டிக்கும் டயருக்கும் நடுவில்தான் இடம். ஆகவே முட்டைகளை ஒரு மணல் வாளியில் வைத்து என் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவருவது என்று ஆனது.

மேடம்தான் எடுத்துக் கொடுத்தார். மண்ணை விரலால் ஒதுக்கி, ஒவ்வொரு முட்டையின் மேல்புறமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "இந்தப் புள்ளி எப்பவும் மேலதான் இருக்கணும். உருண்டா உள்ள செத்துடும். ஆட்டோவுல போகாதீங்க, நடந்து போங்க." யாதவகிரியிலிருந்து ஆபீஸ் வரை மணல் வாளியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, யூனிஃபார்மில் நடந்தேன். வழியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

கேசில் சம்பந்தப்பட்டவர் என்பதால் அவர் வந்து பார்க்க அனுமதியில்லை. மாதம் ஒருமுறை கையெழுத்துப் போட வரும்போது, பேனாவை எடுத்துக்கொண்டே கேட்பார்:

"மண்ணு காயலயே?"

"இல்லீங்க மேடம். சொன்ன மாதிரி ஓரமா தண்ணி தெளிக்கறேன்."

"மதியம் ரொம்பச் சூடு ஏறுதா?"

"ஜன்னலைச் சாத்திடறனுங்க."

அந்த மாதங்களில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் ஹோட்டலுக்குப் போகவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் போய் வாளியைப் பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. வெறும் மணல்தான். ஆனாலும் வீட்டில் யாரோ இருப்பது போல இருந்தது. மனைவிக்கு போன் செய்தபோது இதைச் சொன்னேன். "அங்க போயி ஆமை முட்டை அடைகாக்கறீங்களா?" என்று அவள் சிரித்த சிரிப்பு டெலிஃபோன் பூத்துக்கு வெளியே நின்றவருக்கும் கேட்டிருக்கும்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு காலையில் மணல் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஒரு சின்ன மூக்கு. சாயங்காலத்துக்குள் மூன்று வெளியே வந்தன. மற்ற முட்டைகள் பொரிக்கவில்லை.

அவர் கையெழுத்துப் போட வரும் நாளில் செருப்பு டப்பாவில் துணி விரித்து அவற்றை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். ரேஞ்ச் ஆபீசரும் அங்கே இருந்தார். மேடம் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்ததும் மூடியைத் திறந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கை நீண்டது, பாதியில் நின்றது.

"தொடலாமா சார்?" என்று ரேஞ்ச் ஆபீசரைக் கேட்டார்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தொடுங்க மேடம். அதையெல்லாம் ஃபைல்ல எழுத மாட்டோம்" என்றார்.

ஜீப் போன பிறகு

கேஸ் தண்டனை வரை போகவில்லை. அபராதம் கட்டி முடித்துக்கொள்ள அனுமதித்தார்கள். ஆமைகள் நிரந்தரமாக அரசாங்கச் சொத்தாயின. சாம்ராஜநகர் பக்கம் புதர்க்காட்டில் வேலி போட்ட ஓர் இடம் தயாராகி, டாக்டர் பரிசோதித்த பிறகு, என்னிடம் இருந்த மூன்று குஞ்சுகள் உட்பட எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோக உத்தரவு வந்தது.

மூங்கில் கூடைகளில் வைக்கோல் பரப்பி ஏற்றினோம். மேடம் ஒவ்வொரு கூடைக்கும் செம்பருத்திப் பூ போட்டார். ஸ்டேஷன் மாஸ்டரைத் தூக்கும்போது, "மேல பிடிக்காதீங்க, விரிசல் இருக்கு, பக்கவாட்டுல" என்றார். பிறகு, "நானும் வந்து எடத்தைப் பாக்கலாமா?" என்று கேட்டார். ரேஞ்ச் ஆபீசர் முடியாது என்றார். மேடம் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜீப் திரும்பும்போது பார்த்தேன், வாசலில் அவர் இல்லை.

அடுத்த மாதம் வழக்கமான நாளில், வழக்கமான நேரத்தில், குடையோடு ஆபீசுக்கு வந்தார். நேராக மேஜைக்கு வந்து பேனாவைத் திறந்தார்.

கிளார்க் சொன்னார்: "மேடம், பாண்டு கேன்சல் ஆகிடுச்சு. இனிமே நீங்க வர வேண்டாம்."

"ஹௌதா? அப்படியா? ஆமா, ஆமா. மறந்தே போச்சு" என்றார். பேனாவை மூடினார். போகவில்லை. வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மரம் வெட்ட அனுமதி கேட்டு வந்தவர்கள் நடுவில், முறை வரக் காத்திருப்பவர் போல வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேட்டி சட்டையில் யாதவகிரிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னையும் என் வெறுங்கையையும் பார்த்தார்.

"இன்னும் எதை சீஸ் பண்ணணும்?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. சும்மா வந்தனுங்க."

கொஞ்சம் யோசித்தார். பிறகு வழி விட்டார். தோட்டத்தில் புல் தாறுமாறாக வளர்ந்திருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவராகவே கேட்டார்.

"விட்டப்போ என்ன பண்ணிச்சு அதுங்க?"

"கொஞ்ச நேரம் தலையை உள்ள இழுத்துட்டே இருந்துதுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா நடந்து புதருக்குள்ள போயிடுச்சு. வெயில் நல்லா இருந்துது."

"திரும்பிப் பாத்துச்சா?"

ஆறுதலுக்கு ஏதாவது சொல்லலாமா என்று தோன்றியது. அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லீங்க."

"பாக்காது" என்றார். "இத்தனை வருஷமா வளத்தவளுக்குத் தெரியாதா. அதுங்களுக்கு நான் யாரோ. செம்பருத்தி போடற கை, அவ்வளவுதான். நாமதான் வேற என்னமோ நெனச்சுக்கறோம்." பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இருங்க, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று உள்ளே போனார்.

நான் மறுபடி மாற்றலாகி ஹனூர் திரும்பும் வரை அநேகமாக எல்லா ஞாயிறும் அங்கே போனேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னபோதெல்லாம், மகஜர் எழுதுவது எப்படி, சாட்சி வைப்பது எப்படி என்று சொல்லி முடித்துவிட்டு இதையும் சொல்வேன். சட்டம் சொன்னால் பறிமுதல் செய்யத்தான் வேண்டும், அதில் தயங்காதீர்கள். ஆனால் கேஸ் முடிந்த பிறகு அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை, ஃபைல் இல்லாமல் போய் வாருங்கள். எடுத்துக்கொண்டு வந்த இடத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எடுத்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு ஒரு பெண், "அந்தம்மாவுக்கு ஆறுதல் சொல்லத்தானே சார் போனீங்க?" என்று கேட்டாள். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் இப்போது யோசித்தால், மைசூரில் என்னை எதிர்பார்த்துக் கதவைத் திறந்த வீடு அது ஒன்றுதான்.